இடப்பக்கத்து வைப்பர்

அப்பாவின் கார் என்னைவிட மூத்தது. ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்த பிறகு கப்பலில் வந்து, கொழும்பில் இரண்டு மூன்று கை மாறி எங்களிடம் சேர்ந்தது. அதற்கு முன் அப்பா கொச்சிக்கடையில் ஒரு இரும்புக் கடையின் லொறியை ஓட்டிக்கொண்டிருந்தார். கார் வந்த பிறகு, கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவருடைய தொழிலானது. பின் இருக்கையில் நான்கு பிள்ளைகள், இரண்டு குடும்பங்கள். முன் இருக்கை எனக்கு. பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்பா என்னை வெள்ளவத்தையில் விடுவார். அங்கே ஒரு தனியார் பள்ளியில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை முடித்த முதல் ஆள் நான்தான் என்று அப்பா அந்த நான்கு பிள்ளைகளுக்கும் அடிக்கடி சொல்வார். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை. உண்மையைத்தானே சொல்கிறார்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, காலிமுகத்திடலைத் தாண்டும்போது வைப்பர் இரண்டும் கண்ணாடியின் நடுவில் வந்து நின்றுவிட்டன. கடல் பக்கத்திலிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு கரைந்து கண்ணாடி முழுவதும் பரவியது. அப்பா சுவிட்சை அணைத்துப் போட்டார். பொனட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. வைப்பர் அசையவில்லை.

“அங்கிள், வைப்பர் செத்துப்போச்சு,” என்றாள் பின்னால் இருந்த சின்னவள்.

“சாகல. மூச்சு வாங்குது.”

“அப்ப அதுக்கு இன்ஹேலர் குடுங்கோ.”

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பா பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை மழைக்குள் நீட்டி, காரை மெல்ல மெல்ல ஓரத்துக்குக் கொண்டுவந்தார். பின்னால் ஹோர்ன் சத்தம் ஓயவில்லை. ஓரத்தில் நிறுத்தியபோது அவருடைய சட்டையின் வலது பாதி முழுவதும் நனைந்திருந்தது. சும்மா இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அப்பா மறுபடி சுவிட்சைப் போட, ஒன்றுமே நடக்காதது போல வைப்பர் ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பிந்தி வந்தவர்களின் வரிசையில் நான்கு பேரும் போய் நின்றார்கள்.

அன்று பின்னேரம் பிள்ளைகளை இறக்கும்போது, சின்னவளின் தாய் மாடி வீட்டிலிருந்து கீழே வந்து காத்திருந்தார். நான்கில் இரண்டு பிள்ளைகள் அவருடையவை. கணவர் வெளிநாட்டில். அந்தம்மா எதையும் ஒருதரம் தீர விசாரிக்காமல் விடாதவர் என்று அப்பாவுக்கு அவர்மேல் மரியாதையும் உண்டு, பயமும் உண்டு.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்களில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா றோட்டுத் தெரியாம என்ர பிள்ளையளை வச்சுக்கொண்டு ஓடினா நான் எப்பிடி வேலையில இருக்கிறது? திங்கக்கிழமைக்குள்ள சரிப்பண்ணுங்கோ. இல்லாட்டி நாங்கள் வேற வான் பாக்கிறம்.”

“நாங்கள்” என்று அவர் சொன்னதில் மற்றக் குடும்பமும் இருந்தது. அவர் எந்தக் கடையில் காலுறை வாங்குகிறாரோ அந்தக் கடையில்தான் அவர்களும் வாங்குவார்கள். பள்ளிக்கூட வான் விஷயத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. வேறு வானுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. அங்கே அவர்களுக்கென்று ஒரு இருக்கை, ஒரு சிநேகிதி, ஒரு பாட்டு அமைந்துவிடும். நான்கு பிள்ளைகளும் போனால் அப்பா மறுபடி லொறிக்காரர். ஐம்பத்தெட்டு வயதில் லொறி கொடுப்பவர்கள் குறைவு.

வெள்ளிக்கிழமை மழை பெய்யவில்லை. தப்பித்தோம். சனிக்கிழமை அப்பா பிளேட் இரண்டையும் மாற்றினார். பழைய ரப்பர் உண்மையிலேயே காய்ந்து வெடித்திருந்தது. அதனால் அவருக்கு நம்பிக்கை வந்தது. வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கண்ணாடி முன்பைவிடத் தெளிவாகத் துடைபட்டது. பிறகு வைப்பர் மெதுவானது, மேலும் மெதுவானது, நடுவில் நின்றது.

அப்பா காரை, வாகனங்களின் மின்சார வேலை பார்க்கும் எலெக்ட்ரிக் பாஸிடம் கொண்டுபோனார். நானும் போனேன். அவர் சிங்களவர், கடை எங்கள் தெருவிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி. பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதுதான் என்று திரும்பப் போட்டார். வைப்பரை ஓடவிட்டு, பொனட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அண்ணே, மோட்டர் எக்க இவரய்,” என்றார். மோட்டர் முடிந்துவிட்டது.

அந்தக் காருக்குப் புது மோட்டர் வருவதில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும். தனக்குத் தெரிந்த ஒருவரிடம் அவர் போனில் கதைத்தார். செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். செவ்வாய் எங்களுக்கு உதவாது.

திரும்பி வரும் வழியில் நான் என்னுடைய கருத்தைச் சொன்னேன். மோட்டராக இருக்காது, எர்த் கம்பியாக இருக்கும். பழைய காரில் அது துருப்பிடிக்கும், மின்சாரம் குறையும், மோட்டர் முனகும், நிற்கும். இதே பாடத்தைத்தான் அந்தத் தவணை பத்தாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் அது வேறெதுவாகவும் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

“நிச்சயமா புள்ள?”

“நிச்சயம்தான்.”

பள்ளிக்கூட ஆய்வுகூடத்து மல்டிமீட்டர் என் பையில் இருந்தது. ஞாயிறு காலை, கார் எங்கள் ஒழுங்கையில் நிற்க, வேலையைத் தொடங்கினோம். இடப்பக்கத்து வைப்பரில் அம்மா வெள்ளிக்கிழமை கட்டிய மல்லிகைச் சரம் வாடித் தொங்கியது. அதை அவிழ்த்து மதில்மேல் வைத்துவிட்டுப் பொனட்டைத் திறந்தேன். எதிர் வீட்டு த்ரீவீல்காரர் கோப்பையோடு வாசலில் வந்து சாய்ந்துகொண்டார்.

“என்ன டீச்சர், காருக்கும் டியூஷனா?”

“ஆமா அண்ணே. உங்க த்ரீவீலையும் அனுப்புங்க, அடிப்படையிலேயே வீக்கா இருக்கு.”

“அது பாஸாகாது டீச்சர். எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பாஸாகினதில்ல.”

அப்பா தண்ணீர் ஊற்ற, வைப்பர் ஓட, நான் முதலில் பட்டரியையும் பிறகு மோட்டருக்குப் போகும் இணைப்பையும் அளந்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எர்த் பக்கத்தையும் அளந்தேன். அங்கேயும் ஒன்றும் இல்லை. வைப்பர் மெதுவாகிக்கொண்டே வந்தபோதும் அளவு அப்படியே இருந்தது. மின்சாரம் வேண்டிய அளவு மோட்டருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. மீட்டரைப் பையில் வைத்தேன்.

“என்னா சொல்லுது?”

“எர்த் இல்லப்பா.”

“அப்ப மோட்டர்தான்.”

இருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் இடித்தது. முடிந்துபோன மோட்டர் எப்படிச் சிறிது நேரம் சும்மா இருந்ததும் மறுபடி ஓடுகிறது? சில மோட்டர்களுக்குள் ஒரு பாதுகாப்பு உண்டு. அளவுக்கு மீறிச் சூடானால் தானாக நின்றுகொள்ளும், ஆறியதும் ஓடும். அப்படியானால் அது பழுதானதால் நிற்கவில்லை, அதிகமாக வேலை செய்வதால் நிற்கிறது. எதையோ தள்ள முடியாமல் தள்ளுகிறது. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழிதான் இருந்தது: மோட்டரை வைப்பரிலிருந்து விடுவித்துத் தனியே ஓடவிடுவது.

வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே சல்லடை போலத் துளைகள் உள்ள நீளத் தகட்டையும் எடுத்தோம். மோட்டரையும் தள்ளுதடியையும் சேர்க்கும் நட்டை அப்பாதான் கழற்றினார். என் கைக்கு அது அசையவில்லை. சுவிட்சைப் போட்டதும் மோட்டர் சீராக, சத்தமில்லாமல் சுற்றியது. விட்டுவிட்டுப் பார்த்தோம். த்ரீவீல்காரர் இரண்டாவது கோப்பையைக் குடித்து முடித்தார். மோட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது.

“நெஞ்சில ஒண்டும் இல்ல,” என்றார் த்ரீவீல்காரர். “காலைப் பாருங்கோ.”

வைப்பர் கை வந்து பொருந்தும் தண்டுகள் இரண்டையும் விரலால் திருப்பிப் பார்த்தேன். வலப்பக்கத்துத் தண்டு லேசாகத் திரும்பியது. இடப்பக்கத்தது திரும்பவே மறுத்தது. டோர்ச் அடித்தேன். தண்டைச் சுற்றி எலி வால் போலக் கறுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. குறடால் பிடித்து இழுத்தேன். நூல். கிரீஸில் ஊறி, மண் சேர்ந்து, கயிறாகத் திரித்தது போலச் சுற்றிச் சுற்றி ஏறிய நூல். அதன் கீழே, தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டையில், தேயிலைச் சக்கை போல ஒரு பொருள் அடைத்திருந்தது. விரலால் தேய்த்து மணந்து பார்த்தேன். மல்லிகைக்கும் சாணிக்கும் நடுவில் ஒரு வாடை. தண்ணீர் அதன்மேல் தேங்கித் தண்டின் அடி துருப்பிடித்திருந்தது.

கார் வந்த முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மா கோயிலுக்குப் போய் வந்ததும் அதற்குப் பூ கட்டி வருகிறார். ஆயுத பூசைக்குப் பெரிய மாலை, மற்ற நாட்களில் ஒரு முழம் சரம். வலப்பக்கத்தில் கட்டினால் அப்பாவுக்கு றோட்டை மறைக்கும் என்று இடப்பக்கத்தில். சாமிக்கு வைத்த பூவை வாடும் முன் எடுக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அதனால் மழை வந்தால் அப்பா பூவோடு சேர்த்தே வைப்பரைப் போடுவார். சரம் அங்குமிங்கும் ஆடும், பூக்கள் உதிர்ந்து சல்லடைத் துளைகளுக்குள் இறங்கும், நூல் அறுந்து தண்டைச் சுற்றும். திங்கட்கிழமை மிச்சத்தை அப்பா ஒரே இழுவையில் பிய்த்து எறிவார். உள்ளே போனதை யாரும் நினைத்ததில்லை. நானும் அந்த முன் இருக்கையில் தினமும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

அப்பா நூலைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு மேலே மாடியைப் பார்த்தார். அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நீயே சொல்லு,” என்றார் என்னிடம். “எனக்குச் சோறு வேணும்.”

அம்மா இறங்கி வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நூலையும் சக்கையையும் பார்த்தார். நான் விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“சரி, வைப்பர் நின்னுச்சு. கார் எங்கயாச்சும் மோதுச்சா?”

“இல்ல.”

“புள்ளைங்களுக்கு ஒரு கீறல் பட்டுச்சா?”

“இல்லம்மா, ஆனா...”

“அப்ப பூ அது வேலையப் பாத்துருக்கு. வைப்பர்தான் பாக்கல.”

த்ரீவீல்காரர் வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த பிரச்சினை, பூவை இனி எங்கே கட்டுவது என்பது. முன்னால் கிரில்லில் கட்டச் சொன்னார் அப்பா.

“அங்க நாய் மோந்து பாக்கும்.”

“உள்ள, பின்பக்கம் பாக்குற கண்ணாடியில?”

“அது சரி.”

“ஆனா பின்னால வர்றது மறைக்குமே,” என்றேன்.

“பின்னால வர்றவன் அவன் சாமியக் கும்புட்டுக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அம்மா மேலே ஏறினார்.

அன்று மத்தியானம் முழுவதும் வேலை. பழைய சவரக் கத்தியால் நூலைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தோம். மண்ணெண்ணெயில் தண்டைக் கழுவி, துருவைத் தேய்த்து, கிரீஸ் வைத்து, ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறந்தோம். எல்லாவற்றையும் பூட்டி, அப்பா வாளி வாளியாக ஊற்ற, நான் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வேகத்தை நான் அந்தக் காரில் பார்த்ததே இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா ஒரு விஷயம் கேட்டார். “அந்தம்மா கேட்டா மோட்டர் மாத்துனோம்னு சொல்லிருவோமா?”

“ஏன்?”

“புதுசா ஒண்ணு போட்டோம்னாதான் மனுசருக்கு நம்பிக்கை வரும். பழசச் சுத்தம் பண்ணுனோம்னா யாரு நம்புவா?”

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த மோட்டரில் பிழையில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் போயிருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

திங்கள் காலை மழை. அந்தம்மா குடையோடும் கைப்பையோடும் கீழே நின்றார். பிள்ளைகள் ஏறவில்லை, தாயின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அப்பா சுவிட்சைப் போட்டுக் காட்டினார்.

“என்ன பிழையாம் அண்ணை?”

அப்பா என்னைப் பார்க்காமல், “மோட்டர்...” என்று தொடங்கினார்.

“மோட்டர் நல்லாத்தான் இருந்தது அக்கா,” என்றேன் நான். “பூக்கட்டுற நூல் உள்ள போய்ச் சுத்தியிருந்தது. அதை வெட்டி எடுத்துக் கழுவிப் பூட்டினோம்.”

“பூ நூலா?”

“ஓம் அக்கா.”

“அப்ப புதுசா ஒரு சாமானும் போடேல்லையா?”

“பிளேட் மட்டும். மற்றதெல்லாம் பழசுதான்.”

அவர் வைப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒழுங்கையின் முனையைப் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளை வான் வேறு யாருக்கோ நின்றுகொண்டிருந்தது. மோட்டர் என்றே விட்டிருக்கலாம் என்று அப்போது எனக்கும் ஒரு கணம் தோன்றியது.

“நீங்க டீச்சர்தானே?”

“ஓம்.”

“கோவிக்காதேங்கோ. இண்டைக்கு நான் முன்னுக்கு இருந்து பாக்கப் போறன். கொள்ளுப்பிட்டியில இறங்கிறன், அங்கதான் ஒஃபிஸ். அதுவரைக்கும் ஒழுங்கா ஓடிச்செண்டாச் சரி. நிண்டுதோ, அதிலேயே நாலு பேரையும் இறக்கி வேற வாகனத்தில கூட்டிக்கொண்டு போறன்.”

நான் இறங்கினேன். அவர் குடையை மடக்கி என் இடத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, கண்ணாடியை நேராகப் பார்த்தார். பிள்ளைகள் பின்னால் ஏறினார்கள். சின்னவள் எனக்குக் கை காட்டினாள். கார் திருப்பத்தில் மறையும்வரை வைப்பர் ஓடியது. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

நான் பஸ்ஸில் போனேன். காலிமுகத்திடலில் ஓரமாக நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்களுடையது இல்லை. இல்லாதது நல்லதா, அல்லது அதற்கு முன்னாலேயே எங்கோ நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. அப்பா ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். முதல் பாடவேளை பத்தாம் வகுப்பு. கரும்பலகையில் வரைந்த மின்சுற்றில் பட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். ஒரு பெடியன் எழுந்து சொன்னான். நன்றி சொல்லித் திருத்தினேன்.

இடைவேளையில் அப்பாவே போனில் அழைத்தார்.

“நின்னுச்சாப்பா?”

“நிக்கல.”

“அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“என்னத்தச் சொல்றது. கோட்டை தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டாங்க.”

“தூங்கிட்டாங்களா?”

“ஆமா புள்ள. அந்த வைப்பர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு போறதயே பாத்துட்டு இருந்தாங்க. பாத்தா, தல சாஞ்சிருச்சு. கொள்ளுப்பிட்டியில எழுப்பப் போனேன். சின்னது, அங்கிள் எழுப்பாதேங்கோ, அம்மா ராவெல்லாம் நித்திர கொள்ளேல்லனு வாய்ல வெரல வச்சுருச்சு. பள்ளிக்கூட வாசல்லதான் முழிச்சாங்க.”

“கோவமா?”

“பொனட்டப் பாத்தாங்க, மணியப் பாத்தாங்க. திருப்பிக் கொண்டுபோய் ஒஃபிஸ்ல விட்டேன்.”

“நாளைக்கு?”

“அத நான் கேக்கல. இறங்கும்போது அவங்களா கேட்டாங்க, சனிக்கிழமை பிள்ளையளுக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ் இருக்கு, வருவீங்களோ அண்ணைனு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வாரேன்னேன்,” என்றார் அப்பா. “வைக்கிறேன், மழை விடுது. கண்ணாடியத் துடைக்கணும்.”